ஆலை வாசலில் ஒரே ரயில் கம்பெனி: நியூ இங்கிலாந்து கூட்ஸ் பாதைகள் யார் கையில்?

கதிர்வேல்
ஆகஸ்ட் 9, இரவு 9:40

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளான யூனியன் பசிபிக்கும் நார்ஃபோக் சதர்னும் ஒன்றாகப் போவதாக 2025 ஜூலை 29 அன்று அறிவித்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. 85 பில்லியன் டாலர், ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஒரே கம்பெனி என்று. என் கவலை அவ்வளவு நீளமில்லை. 22 மைல்தான்.

நான் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். மூலப்பொருள் வெள்ளைக் குருணை. மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து ஹாப்பர் வேகனில் வரும். ஒரு வேகன் சரக்கை லாரியில் கொண்டுவந்தால் நாலு லாரி பிடிக்கும். மே மாதம் ஒரு வேகன் 1,600 மைலுக்கு மேல் ஓடி, கடைசி ஜங்ஷனுக்கு 9 நாளில் வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் சைடிங்குக்கு, அதாவது ஆலைக்குள் வரும் கிளைத் தண்டவாளத்துக்கு, 22 மைல். அந்த 22 மைலுக்கு 11 நாள் ஆனது.

வேகன் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தினமும் காலையில் கணினியைத் திறப்பேன். அதே யார்டு, அதே தடம். எங்கள் ஷிஃப்ட் போர்மேன் சைலோவை ஒரு கம்பியால் தட்டி, சத்தம் மாறும் இடத்தை வைத்துக் குருணை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். முதல் நாள் தோள் உயரத்தில் தட்டினார். எட்டாம் நாள் குனிந்து தட்டினார். 11-ஆம் நாள் மூன்று வேகனைச் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் சைடிங்கில் இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவதை நேரத்துக்கு இறக்கவில்லை என்று எங்கள் மேலேயே டெமரேஜ் பில், அதாவது தாமதக் கட்டணம், போட்டார்கள்.

எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர்களை விட்டால் எங்கள் வாசலுக்கு வேறு இன்ஜின் வராது, அவ்வளவுதான். 2022-ல் இந்த வட்டாரத்தின் பான் ஆம் ரயில்வேஸை சி.எஸ்.எக்ஸ். என்ற பெரிய ரயில் கம்பெனி வாங்கியபோது இங்கே பெரிய வாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

நாமக்கல் பையன்
ஆகஸ்ட் 9, இரவு 11:15

அண்ணே, ஒரு அடிப்படைச் சந்தேகம். எங்கள் ஊரில் ரோடு பொது, லாரி யாருடையதாக இருந்தாலும் ஓடும். அங்கே தண்டவாளம் கிடக்கிறதே, வேறு கம்பெனி இன்ஜினைக் கூப்பிட்டு அந்த 22 மைலை இழுத்துவரச் சொல்ல முடியாதா?

---

தண்டவாளத்தான்
ஆகஸ்ட் 10, காலை 7:05

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தாய். அமெரிக்காவில் கூட்ஸ் ஓடும் தண்டவாளத்தில் பெரும்பகுதி, அடியிலுள்ள நிலம், பாலம், சுரங்கம் எல்லாம் கம்பெனியின் சொந்தச் சொத்து. அடுத்தவன் இன்ஜின் அதில் ஏற வேண்டுமென்றால் சொந்தக்காரன் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் வாஷிங்டனில் இருக்கும் தரைவழிப் போக்குவரத்து வாரியம் கட்டளையிட வேண்டும். அதனால்தான் கதிர் வாசலில் ஒரே இன்ஜின்.

நான் மாசசூசெட்ஸில் 26 வருடம் இருந்தவன். வரைபடத்தை இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹட்சன் ஆற்றிலிருந்து பாஸ்டன் பக்கம் சரக்கு வர இரண்டு பெரிய பாதை. தெற்குப் பாதை பழைய பாஸ்டன் அண்ட் ஆல்பனி: பிட்ஸ்ஃபீல்ட், ஸ்பிரிங்ஃபீல்ட், வுஸ்டர் வழி. 1999 ஜூன் 1-ல் கான்ரெயில் என்ற ரயில் கம்பெனியைச் சி.எஸ்.எக்ஸும் நார்ஃபோக் சதர்னும் பங்கு போட்டுக்கொண்டபோது இது சி.எஸ்.எக்ஸ். கைக்குப் போனது. வடக்குப் பாதை பழைய பாஸ்டன் அண்ட் மேய்ன்: ஹூசாக் சுரங்கம் வழி. அந்தச் சுரங்கம் 4.75 மைல். 1851-ல் தொடங்கி 1875-ல்தான் முதல் வண்டி போனது. ஏறக்குறைய 200 பேர் அதற்குள் செத்தார்கள்.

வடக்குப் பாதையை வைத்திருந்தது கில்ஃபோர்ட் என்ற கம்பெனி. அதன் முதலாளி டிமோதி மெல்லன் 1981-ல் மேய்ன் சென்ட்ரல், 1983-ல் பாஸ்டன் அண்ட் மேய்ன், 1984-ல் டெலவேர் அண்ட் ஹட்சன் என்று வரிசையாக வாங்கினார். பிறகு நொடித்துப்போன பான் ஆம் விமானக் கம்பெனியின் பெயரையும் வாங்கி, 2006-ல் ரயிலுக்கே அந்தப் பெயரை வைத்தார். 2009-ல் நார்ஃபோக் சதர்ன் உள்ளே வந்தது. ஹூசாக் பாதைக்கென்று பான் ஆம் சதர்ன் என்ற கம்பெனி, இருவருக்கும் பாதிப் பாதி. அதாவது தெற்கில் ஒரு ராட்சதன், வடக்கில் மற்றொரு ராட்சதன். நடுவில் இருக்கும் ஆலைக்காரனுக்கு விலை கேட்க இரண்டு இடம் இருந்தது.

2020 நவம்பரில் சி.எஸ்.எக்ஸ். பான் ஆமை வாங்கப்போவதாக அறிவித்தது. வாங்கினால் தெற்குப் பாதை முழுக்க அதனுடையது, வடக்குப் பாதையில் பாதியும் அதனுடையது. வாதம் அங்கேதான் மூண்டது.

---

சேது
ஆகஸ்ட் 10, பிற்பகல் 1:30

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்கு முன்னால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பதினைந்து வருடமாக லாரி சரக்குப் பிரிவில் இருக்கிறேன். ரயிலோடு தினமும் போட்டி போடுகிறவன்.

பான் ஆம் தனியாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மேய்ன் பக்கம் பல மைல்களுக்கு மணிக்கு 10 மைல் வேகம்தான் அனுமதி. தண்டவாளத்துக்கடியில் கட்டை மக்கிக் கிடந்தது. காகித ஆலைகள் மனம் வெறுத்து லாரிக்கு மாறின. 2020 பிப்ரவரியில் அந்த ஹூசாக் சுரங்கத்துக்குள்ளேயே ஒரு பகுதி இடிந்து விழுந்து, பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பணமுள்ள பெரிய கம்பெனி வந்தால்தான் கட்டை மாற்ற முடியும். கை மாறும் இடம் குறைந்தால் வேகனும் சீக்கிரம் போகும்.

சின்னக் கம்பெனி என்றால் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அதையும் கேட்கிறேன். 2013 ஜூலை 6-ல் கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் எண்ணெய் வண்டி உருண்டு 47 பேர் எரிந்து செத்தார்களே, அந்த வண்டியை ஓட்டியது மேய்ன் பகுதியின் ஒரு வட்டாரக் கம்பெனிதான். ஒற்றை ஆளை வைத்து ஓட்டினார்கள். அந்த ஊர் மனிதர்கள் முன்னால் போய் "சிறியதே அழகு" என்று யாரும் சொல்ல முடியாது.

கதிர், உங்களிடம் ஒரு நேரடிக் கேள்வி. உங்கள் வேகன் 11 நாள் கிடந்தது ஏகபோகத்தாலா, ஆள் பற்றாக்குறையாலா? வாரத்துக்கு மூன்று வேகன் வரும் ஊருக்கு இரண்டாவது கம்பெனி எந்த வருமானத்தில் வரும்?

---

மல்லிகா_ச
ஆகஸ்ட் 11, இரவு 8:20

சேது கேட்டது நியாயமான கேள்வி. லாக்-மெகாந்திக்கை நினைவூட்டியதும் சரி. நான் சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், அது தெரியாமல் இந்த வாதம் நகராது.

ரயில் கம்பெனிகள் இணைவதைச் சாதாரண ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் தடுக்க முடியாது. வாரியம் அனுமதித்தால் முடிந்தது. சி.எஸ்.எக்ஸ். 2021 பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டபோது இதைச் சிறிய பரிவர்த்தனை என்று எழுதியிருந்தது. வாரியம் ஒப்பவில்லை, முக்கியப் பரிவர்த்தனை என்று வகைப்படுத்தியது. அடுத்த விண்ணப்பத்தையும் சந்தைத் தகவல் போதவில்லை என்று மே மாதம் திருப்பியனுப்பியது. ஜூலையில் மறுபடி போட்டு, 2022 ஏப்ரல் 14-ல் அனுமதி கிடைத்து, ஜூன் 1-ல் பான் ஆம் கை மாறியது. அந்த ஒன்றரை வருடத்தில் கேள்வி கேட்கப்பட்டதால்தான் நிபந்தனைகளாவது வந்தன.

அதில் முக்கியமானது: பான் ஆம் சதர்னில் பாதிப் பங்கு சி.எஸ்.எக்ஸுக்குப் போனாலும், வண்டி ஓட்டுவதும் விலை சொல்வதும் மூன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காக, சிறிய ரயில் கம்பெனிகள் பலவற்றை வைத்திருக்கும் ஜெனிசீ அண்ட் வயோமிங் குழுமம் பெர்க்‌ஷயர் அண்ட் ஈஸ்டர்ன் என்ற கம்பெனியைத் தொடங்கி 2023 முதல் ஓட்டுகிறது. ஹூசாக் சுரங்கத்தில் இரட்டை அடுக்கு கன்டெய்னர் நுழையாது என்பதால், நார்ஃபோக் சதர்ன் தன் கன்டெய்னர் வண்டியைச் சி.எஸ்.எக்ஸின் தெற்குப் பாதையிலேயே ஓட்டும் உரிமையை வாங்கிக்கொண்டது. போட்டியாளனின் தண்டவாளத்தில் ஏறி அவனோடு போட்டி போடும் ஏற்பாடு இது. எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கதிரின் 22 மைலுக்கு வருகிறேன். 1980-ஆம் ஆண்டு ஸ்டாகர்ஸ் சட்டம் கம்பெனிகளுக்கு விலை வைக்கும் சுதந்திரம் கொடுத்தது. ஆலைக்காரர் விலையை எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால், வேறு வழியில்லாமல் அந்தக் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். கட்டணம், வண்டி ஓடுவதால் ஆகும் மாறும் செலவில் 180 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாரியம் காதிலேயே வாங்காது. அந்த வழக்கை நடத்த ஆகும் வக்கீல் செலவைச் சிறிய ஆலை தாங்காது.

இன்னொரு வழி, பக்கத்து ஜங்ஷனில் இருக்கும் இரண்டாவது கம்பெனியிடம் வேகனை மாற்றிவிடச் சொல்வது. சேவை மோசமாக இருந்தால் அப்படி மாற்றச் சொல்லிக் கட்டளையிடலாம் என்று வாரியம் 2024 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில்தான் ஏழாவது சர்க்கியூட் என்ற பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கனடாவில் இது பல காலமாகவே சட்டம்: ஜங்ஷனிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைக்கு, அரசு நிர்ணயித்த கட்டணத்தில் அடுத்த கம்பெனிக்கு வேகனை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். கதிர், உங்கள் 22 மைல் என்பது 35 கிலோமீட்டர். அங்கே இருந்திருந்தாலும் ஐந்து கிலோமீட்டரில் நழுவியிருக்கும். அதை நினைத்து வருத்தமாகத்தான் இருக்கிறது.

---

வெண்ணிலா_வெர்மான்ட்
ஆகஸ்ட் 13, காலை 6:50

மல்லிகா அக்கா, "மூன்றாவது கை" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மூன்றாவது கை இல்லை. அதைத்தான் வெர்மான்ட் ரயில் சிஸ்டம் வாரியத்திடம் போய்ச் சொன்னது.

நான் ஒரு மாட்டுத் தீவன ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு எல்லாம் மத்திய மேற்கிலிருந்து வேகனில்தான் வரும். வேகன் தாமதமானால் இங்கே பால்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், மாடு காத்திருக்காது.

இங்கே ஒரு தனிக்கதை இருக்கிறது. ரட்லண்ட் ரயில்வேயில் 1961-ல் வேலைநிறுத்தம் வந்து வண்டிகள் நின்றன. கம்பெனி பாதையையே கைவிடப் போனபோது, 1963-ல் மாநில அரசு தண்டவாளத்தை விலைக்கு வாங்கியது. 1964 முதல் வெர்மான்ட் ரயில்வே என்ற தனியார் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறது. மேலே சொன்ன வெர்மான்ட் ரயில் சிஸ்டத்தின் மூலக் கம்பெனி இதுதான். நாமக்கல் தம்பி கேட்ட "ரோடு பொது" என்பதற்கு இந்த நாட்டில் கிட்டத்தட்ட வரும் உதாரணங்களில் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது.

அதற்குப் போட்டி யார் என்றால், மாநிலத்தின் கிழக்கிலும் வடக்கிலும் ஓடும் நியூ இங்கிலாந்து சென்ட்ரல். கனெக்டிகட்டின் நியூ லண்டன் துறைமுகத்திலிருந்து கனடா எல்லை வரை போகிறது. 2012 கடைசியிலிருந்து அது ஜெனிசீ அண்ட் வயோமிங்கின் சொத்து. 2016-ல் பிராவிடன்ஸ் அண்ட் வுஸ்டர் என்ற வட்டார ரயில் கம்பெனியையும் அதே குழுமம் வாங்கியது. பிறகு 2019-ல் அந்தக் குழுமத்தையே புரூக்ஃபீல்ட் என்ற முதலீட்டு நிறுவனமும் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.யும் சேர்ந்து 8.4 பில்லியன் டாலருக்கு வாங்கின. வெர்மான்ட் ரயில் சிஸ்டத்தின் வேகன்கள் வெளியுலகுக்குப் போகும் தெற்கு வாசலில் ஒன்று ஹூசாக் பாதை. அந்தப் பாதையை ஓட்ட அதே குழுமத்தைக் கூப்பிட்டார்கள். சி.எஸ்.எக்ஸுக்கு அவர்கள் நடுநிலையாக இருக்கலாம். எங்களுக்கு அவர்கள் எதிர்க்கடைக்காரர். எதிர்க்கடைக்காரர் கையில் நம் கடை வாசல் சாவி.

பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்குவதைத்தான் செய்தியில் பார்க்கிறோம். குட்டிக் கம்பெனிகள் ஒரே குடைக்குள் போவதை யாரும் கவனிப்பதில்லை. இன்ஜினில் பழைய பெயரே இருக்கும். வரைபடத்தில் அஞ்சாறு நிறத்தில் கோடு தெரியும். விலைப்பட்டியல் வரும் விலாசம் மட்டும் ஒன்றாக இருக்கும்.

---

சேது
ஆகஸ்ட் 13, இரவு 10:10

வெண்ணிலா எழுதியதைப் படித்தபின் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த இரண்டாவது அடுக்கை நான் யோசித்துப் பார்த்ததில்லை. எங்கள் லாரித் தொழிலில் வாசல் சாவி என்று ஒன்று கிடையாது, அதனால்தானோ என்னவோ.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சரக்கு குறைவான ஊரில் இரண்டு கம்பெனிக்கு வயிறு நிறையாது.

---

தண்டவாளத்தான்
ஆகஸ்ட் 24, இரவு 9:00

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, மகளோடு மில்வில் போய்வந்தேன். மாசசூசெட்ஸின் தென் எல்லையில் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் சின்ன ஊர். இந்த இழைக்காகவே போனேன் என்றும் சொல்லலாம்.

அங்கே ஒரே இடத்தில் மூன்று ரயில் பாதை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். அடியில் ஓடுவது பிராவிடன்ஸ் அண்ட் வுஸ்டர், இன்றும் கூட்ஸ் போகிறது. அதற்கு மேலே கைவிடப்பட்ட ஒரு பழைய பாலம். அதற்கும் மேலே ஏறவேண்டிய மூன்றாவது பாதைக்குக் கான்கிரீட் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மேலே ஒரு தண்டவாளமும் ஏறியதில்லை. தூணில் பலகை அடித்து வார்த்த தடம் நூறு வருடம் கழித்தும் கையால் தடவினால் தெரிகிறது.

அந்தத் தூண்கள் ஒரு ஏகபோகத்தின் கதை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு நியூ இங்கிலாந்து முழுக்க நியூ ஹேவன் ரயில்வே கையில் இருந்தது. பின்னால் நின்றவர் வங்கி முதலாளி ஜே.பி.மார்கன். 1903-ல் சார்லஸ் மெல்லன் தலைவராக வந்தார். (கில்ஃபோர்ட் மெல்லனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், வேறு குடும்பம், ஆங்கில எழுத்தும் வேறு.) அவர் ரயிலோடு நிற்கவில்லை. டிராம் கம்பெனிகளை வாங்கினார், நியூயார்க் போகும் ஸ்டீமர்களை வாங்கினார், 1907-ல் வடக்கே போட்டியாக இருந்த பாஸ்டன் அண்ட் மேய்ன் பங்குகளையும் வளைத்தார். அவர் சொன்ன காரணமும் இன்றைக்குச் சொல்லப்படுகிற காரணமும் ஒன்றுதான்: எல்லாம் ஒரே நிர்வாகத்தில் வந்தால் சேவை சீராகும்.

எதிர்த்து நின்றவர் லூயிஸ் பிராண்டைஸ், அப்போது பாஸ்டன் வக்கீல். காசு வாங்காமல் வாதாடினார். ஏகபோகம் தவறு என்று மட்டும் அவர் பேசவில்லை. நியூ ஹேவனின் கணக்குப் புத்தகத்தை உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, போட்டியை வாங்குவதற்குச் செலவழித்தே இந்தக் கம்பெனி உள்ளுக்குள் இற்றுப்போய்விட்டது என்று 1907-லேயே எழுதினார். யாரும் நம்பவில்லை. நியூ ஹேவன் பங்கு என்றால் தங்கம் மாதிரி, விதவைகளும் ஓய்வுபெற்றவர்களும் வைத்திருந்த பங்கு.

போட்டிக்கு வர முயன்றவர் கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வே தலைவர் சார்லஸ் ஹேய்ஸ். மாசசூசெட்ஸின் பாமரிலிருந்து ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்துக்குப் புதுப் பாதை போடத் திட்டமிட்டார். லண்டன் போய்விட்டுத் திரும்பும்போது அவர் ஏறிய கப்பல் டைட்டானிக். 1912 ஏப்ரல் 15-ல் கடலோடு போனார். அந்த நவம்பரில் பாதை வேலையை நிறுத்தினார்கள். டிசம்பரிலேயே மெல்லன் மீதும் கிராண்ட் டிரங்கின் அடுத்த தலைவர் சேம்பர்லின் மீதும், போட்டியை ஒழிக்க உள்ளுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதாக பெடரல் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது. மில்வில் தூண்கள் அந்தப் பாதையுடையவை. ஹேய்ஸ் மூழ்கியதால்தான் பாதை நின்றது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிக்கதை.

1911 முதல் 1913 வரை நியூ ஹேவனில் விபத்துமேல் விபத்து. 1913-ல் மெல்லன் விலகினார். அந்த டிசம்பரில் 40 ஆண்டுகளில் முதல் முறையாக டிவிடெண்ட் கொடுக்கவில்லை. 1914-ல் பாஸ்டன் அண்ட் மேய்ன் பங்குகளை விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். நியூயார்க் பக்கம் வெஸ்ட்செஸ்டருக்கு ஒரே ஒரு மின்சார ரயிலுக்கு 36 மில்லியன் டாலர் கொட்டியிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. 1935-ல் நியூ ஹேவன் திவால்.

சேது, உங்கள் கேள்விக்கு இந்தக் கதையில் ஒரு பதில் இருக்கிறது. ஏகபோகம் கையில் இருந்தபோது பணம் பாதைக் கட்டைக்குப் போகவில்லை. அடுத்தவனை வாங்கப் போனது.

---

மல்லிகா_ச
ஆகஸ்ட் 25, இரவு 9:35

ஐயா, தூணில் பலகைத் தடம் என்று எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

சேதுவின் "இரண்டு கம்பெனிக்கு வயிறு நிறையாது" என்பதற்கு என் பதில் இது. இரண்டாவது தண்டவாளம் யாரும் கேட்கவில்லை. ஜங்ஷனில் இரண்டாவது ஆள் வந்து நிற்கும் உரிமை இருந்தால் போதும். அவர் தினமும் வரவேண்டும் என்றுகூட இல்லை, வரமுடியும் என்பதே முதல் ஆளை அசைக்கும்.

இரண்டு நிஜச் சம்பவம் சொல்கிறேன். மில்வில் பாலத்தின் அடியில் ஓடுகிறதே பிராவிடன்ஸ் அண்ட் வுஸ்டர், அது பல பத்தாண்டுகள் நியூ ஹேவனுக்கும் பிறகு பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனிக்கும் குத்தகையில் கிடந்தது. அதை மூடிவிடலாம் என்று பெரிய கம்பெனி நினைத்தபோது பங்குதாரர்கள் சண்டை போட்டு வெளியே வந்து, 1973 பிப்ரவரியிலிருந்து தாங்களே ஓட்டினார்கள். சரக்கு இல்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பாதை 2016-ல் விற்கப்பட்டபோது விலை 126 மில்லியன் டாலர். சரக்கு குறைவான ஊர் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, யாரும் போய்க் கேட்காத ஊர்.

இன்னொன்று டெக்சாஸ். 1996-ல் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக்கை வாங்கியது. 1997-ல் ஹூஸ்டனைச் சுற்றி யார்டுகள் அடைத்து, வேகன்கள் மாதக்கணக்கில் அசையவில்லை. அப்போது வாரியம் அவசரக் கட்டளை போட்டு, டெக்ஸ் மெக்ஸ் என்ற சிறிய கம்பெனியை ஹூஸ்டன் ஆலைகளிடம் சரக்கு எடுக்க அனுமதித்தது. பெரியவர் மூச்சுத் திணறும்போது திறக்க ஒரு பக்கக் கதவு இருந்தது. அந்தக் கதவு ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறதா என்பதைத்தான் இந்த 85 பில்லியன் இணைப்பிலும் பார்க்க வேண்டும். பான் ஆம் சதர்னின் மற்றப் பாதி நார்ஃபோக் சதர்னுடையது. இணைப்பு நடந்தால் ஹூசாக் சுரங்கத்தில் பாதி ஒமாஹாவில் இருக்கும் தலைமையகத்துக்குப் போகும். அவர்களுக்கு அது வரைபடத்தில் ஒரு கீறல். இங்கே அதை நம்பி இருப்பவர்களுக்கு?

---

தண்டவாளத்தான்
ஆகஸ்ட் 25, இரவு 10:20

ஒன்று சேர்க்க வேண்டும். பெரிய கம்பெனிகள் கிளைப் பாதைகளைச் சிறியவர்களுக்கு விற்றபோது, பல ஒப்பந்தங்களில் ஒரு வரி எழுதினார்கள்: எங்களைத் தவிர வேறு கம்பெனியிடம் வேகனைக் கொடுத்தால் இவ்வளவு தண்டம். எதிரில் பத்தடியில் இரண்டாவது கம்பெனியின் தண்டவாளம் கிடக்கும். இணைப்பும் இருக்கும். வேகன் மட்டும் அதில் போகாது. தொழிலில் இதைக் காகிதத் தடுப்பு என்பார்கள். கதிர், உங்கள் ஜங்ஷனில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

---

கதிர்வேல்
செப்டம்பர் 6, பிற்பகல் 3:15

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோர் எழுத்தையும் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

சேது, உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ஏகபோகமா, ஆள் பற்றாக்குறையா? மே மாதம் கேட்டபோது எங்களுக்கும் ஆள் இல்லை என்றுதான் சொன்னார்கள். எங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில், ஜங்ஷனுக்கு ஒட்டினாற்போல் ஓர் அட்டைப்பெட்டி ஆலை இருக்கிறது. அவர்கள் சைடிங்குக்கு இரண்டு கம்பெனி வரமுடியும். அங்கே கிடங்கு பார்க்கும் அம்மாவைத் தொழில் முறையில் தெரியும். போன் செய்து அந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு வேகன் எப்போது வந்தது என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிச் சொன்னார். எங்களுக்கு ஆள் இல்லாத அந்த 11 நாளில், அதே கம்பெனியின் இன்ஜின் அவர்களிடம் நாலு முறை வந்து வேகன் எடுத்துப் போயிருக்கிறது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஆள் பற்றாக்குறை பொய் என்று சொல்ல மாட்டேன். இருக்கிற ஆளை எங்கே அனுப்புவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். விட்டுப் போகக்கூடிய வாடிக்கையாளரிடம் போயிருக்கிறார்கள். இரண்டு வாரக் கணக்கை வைத்து முழுத் தீர்ப்பு எழுதக் கூடாது, தெரியும். அதனால் 2024 ஜனவரியிலிருந்து எங்களுக்கு வந்த ஒவ்வொரு வேகனையும் ஜங்ஷன் தேதி, வாசல் தேதி என்று இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டெமரேஜ் பில்லையும் அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

வாரியத்தில் வாடிக்கையாளர் உதவிக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, வழக்குப் போடாமலே பேசிப் பார்ப்பார்கள். அந்தத் தேதிகளை அவர்களுக்கு அனுப்பலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கும் அவங்ககிட்டதானே வேகன் கேட்கணும் கதிர்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை அவரே கூப்பிட்டு, கடிதத்தைத் தயார் செய், கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் தனியாகப் போக வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று ஆலை சேர்ந்தால் நல்லது என்றார்.

காகிதத் தடுப்பு பற்றியும் விசாரித்தேன் ஐயா. அந்த ஒப்பந்தத்தை எங்களுக்குக் காட்ட மாட்டார்களாம்.

வெண்ணிலா, உங்கள் தீவன ஆலையிலும் வேகன் வந்த நோட்டு இருக்கும் அல்லவா? ஊர் பெயர் தேவையில்லை. ஜங்ஷனுக்கு வந்த தேதி, உங்கள் வாசலுக்கு வந்த தேதி, இந்த இரண்டு மட்டும் போதும். தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

---

வெண்ணிலா_வெர்மான்ட்
செப்டம்பர் 6, மாலை 6:40

இருக்கிறது அண்ணா. 2023-லிருந்து வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் மேலாளரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.